பென்சில் குறிகளை யார் அழிக்கச் சொன்னது?

போன வாரம் காரைக்குடியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அச்சுக்கடைத் தம்பி. "அண்ணே, நம்ம பர்மா மேப் இருக்குல்ல, அத ஒரு டிசைனரம்மா கடையில பாத்துட்டாங்க. ஓட்டல் ஒண்ணுக்கு ஆறு காப்பி வேணுமாம். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னா போட்டுக் குடுத்துருவேன்." அவ்வளவுதான். நாற்பது விநாடிகூட இல்லை. அதற்குப் பதில் சொல்ல எனக்கு நாலு நாள் ஆனது. சொன்ன பதிலும் சரியா என்று இன்னும் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

செட்டிநாட்டுப் பக்கம் சமீபத்தில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். ஓட்டலாக மாறிய வளவுகளில், அதாவது பழைய பெரிய வீடுகளில், சுவர் காலியாக இருப்பதில்லை. ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண், அப்புறம் சுவரில் ஒரு பழைய வரைபடம். பெரும்பாலும் சோழமண்டலக் கரை. டச்சுக்காரனோ பிரெஞ்சுக்காரனோ போட்டது. கடலில் பாய்மரக் கப்பல், மூலையில் திசைகாட்டிப் பூ, சுருள் சுருளான அலங்காரக் கட்டத்துக்குள் தலைப்பு. சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அப்படி ஒன்றின் முன்னால் பந்திக்குக் காத்திருந்த அரைமணி நேரமும் நின்றேன். நாகப்பட்டினம் இருந்தது, தரங்கம்பாடி இருந்தது, பரங்கிப்பேட்டை இருந்தது. எங்கள் பக்கம் வெறும் தாள். கப்பலில் வந்தவனுக்குக் கரைதான் தெரியும், உள்ளே இருக்கும் பொட்டலில் அவனுக்கு என்ன வேலை! எங்கள் ஊர் இல்லாத வரைபடத்தை எங்கள் ஊர் வீட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கடல் உள்ள வரைபடத்துக்குத்தான் கிராக்கி என்று தம்பியும் சொல்லியிருக்கிறான். வெறும் நிலம் விற்காதாம்.

சட்டத்தை லேசாகத் தூக்கிச் சாய்த்துப் பார்த்தேன். (கெட்ட பழக்கம். மனைவி முறைத்தாள்.) செப்புத்தகட்டில் வெட்டி அச்சடித்த பழைய படமென்றால் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு பள்ளக் கோடு இருக்கும். ஈரத் தாளைத் தகட்டின்மேல் வைத்து உருளையில் நசுக்கும்போது தகட்டின் விளிம்பு தாளில் இறங்குவதால் வருவது அது. இங்கேயும் கோடு இருந்தது. கண்ணாடி போடாத சட்டம் என்பதால் விரலால் தடவினேன். மழமழவென்று இருந்தது. பள்ளத்தின் நிழலைத்தான் அச்சடித்திருக்கிறார்கள், பள்ளத்தை இல்லை. பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் கறை. எந்தக் காலத்திலோ, எந்த ஐரோப்பிய வீட்டு மழையிலோ மூலப்படத்தில் இறங்கிய கறை. அதுவும் மை.

பிரதி என்றால் கேவலம் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். ஏமாந்த கதை மட்டும் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் டேனியல் படம் என்று ஒன்று வாங்கினேன். தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் சென்னைக்கு வந்து தெற்கே சுற்றி வரைந்தவர்கள். லண்டன் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டார்கள். நான் வாங்கியது காவிரியிலிருந்து தெரியும் திருச்சி மலைக்கோட்டை. பொடி தூவியதுபோல் பழுப்பேறிய தாள், ஓரத்தில் பூச்சி அரித்த தடம். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிசின் பொடியைத் தகட்டில் உருக்கி ஒட்டவைத்து அமிலத்தில் அரிக்கவிடுகிற அந்தக் காலத்து அச்சில் வானம் மணல் சிந்தியதுபோல ஒழுங்கில்லாமல் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ வரிசை வரிசையாக நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள். நம் தீபாவளி மலர் அட்டையில் இருக்குமே, அதே புள்ளி. ஏதோ காலண்டரில் வெட்டியெடுத்து டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்தது. மறுநாள் போய்க் கேட்டால் கடைக்காரர் அசரவே இல்லை. "ஒரிஜினல்னு நாஞ் சொன்னேனா? பழசுன்னுதான சொன்னேன்." யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது பொய் இல்லை. காலண்டரும் பழசுதான்.

அந்த மலைக்கோட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். உண்மையான டேனியல் படங்களும் சுவருக்காகச் செய்யப்பட்டவை இல்லை, தொகுதிகளாகக் கட்டப்பட்டவை. பழைய அட்லஸ்களுக்கும் இதே கதிதான். முழுப் புத்தகத்துக்கு ஒருவன் கிடைப்பது கஷ்டம், தனித்தாளுக்கு நூறு பேர் வருவார்கள். அதனால் பிரித்து, வெட்டி, சட்டம் போட்டு விற்பது உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம். ஒரு 'ஒரிஜினல்' சுவரில் தொங்கினால் எங்கோ ஒரு புத்தகம் கிழிந்திருக்கிறது என்று பல சமயம் அர்த்தம். அதைவிட, நூலகங்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருப்பதை எடுத்து நல்ல பருத்தித் தாளில் அச்சடித்து, கீழே 'பிரதி' என்று சின்னதாகப் போட்டு மாட்டுவது எவ்வளவோ யோக்கியமான வேலை. பத்து வருடமாக இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். எங்கள் வீட்டு மேப் வரும்வரை.

முகப்பில் தொங்கியது

எங்கள் ஊர் வீடு மூன்று பங்கு. இப்போதைய கணக்கில் மூன்று, அதற்குள் பேரன் பேத்தி என்று இறங்கினால் எண்ண முடியாது. மூன்று வருடங்களுக்கு முன் எல்லாரும் கூடி வீட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. இந்தப் பக்கத்தில் இது புதுச் செய்தி இல்லை. கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போகும். எனாமல் தூக்குகளையும் மங்குச் சாமான்களையும் பெண்கள் பிரித்துக்கொண்டார்கள். பட்டாலைச் சுவரில் வரிசையாக இருந்த ரவிவர்மாப் படங்களுக்குத்தான் கொஞ்சம் வாக்குவாதம்.

அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவையும் பிரதிகள்தான். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது, ஒரு ஜெர்மானியர் கைக்கு மாறியது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று கல்லச்சில் ஏற்றி ஏற்றி அடித்து, எண்ணெய்ச் சித்திரம் மாதிரி தெரிய மேலே வார்னிஷ் பூசி, ஊர் ஊராக விற்றார்கள். எங்கள் வீட்டு லெட்சுமிக்கு அப்பத்தா சரிகைத் துணியில் சேலை தைத்து ஒட்டி, சம்கி வைத்திருந்தார். ஆயிரக்கணக்கில் அச்சான லெட்சுமி. ஆனால் அந்த மாம்பழ மஞ்சள் சேலை கட்டியவள் உலகத்தில் ஒருத்திதான். வாக்குவாதம் படத்துக்காக நடக்கவில்லை, அந்தச் சேலைக்காகத்தான்.

மேப் முகப்பில், கணக்கெழுதும் மேசைக்கு மேலே தொங்கியது. கீழ்ப் பர்மா, ஐராவதி கடலில் கலக்கும் டெல்டா. சர்வே இலாகா வெளியிட்டது. கீழ் ஓரத்தில் கல்கத்தா என்றும் 1911 என்றும் இருக்கும். பன்னிரண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டியது, அப்போதுதான் மடித்துப் பெட்டியில் கொண்டுபோக முடியும். துண்டுகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி. அதனால் ஆறு ஓடிவந்து நிற்கும், கொஞ்சம் துணி, மறுபடி ஓடும். பிற்பாடு யாரோ விரித்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே அதற்குத்தான் மதிப்பு குறைவு என்று நினைத்திருந்தோம். வந்து பார்த்த வியாபாரி அதை மட்டும் இரண்டு முறை கேட்டார். நூறு வருடம் தாண்டியது என்றால் சட்டப்படி அது தொல்பொருள், தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. 1972-ஆம் வருடச் சட்டம். அது அவருக்கும் தெரியும். "உள்ளூர் பார்ட்டிதான்" என்று அவராகவே சொன்னார், நாங்கள் கேட்காமலே.

அதற்குப் பிறகு மூன்று பங்குக்காரருக்கும் மேப் வேண்டும் என்றானது. வியாபாரி கேட்ட பொருள் என்றால் அப்படித்தான்.

நான்தான் யோசனை சொன்னேன். மூலம் ஒருவரிடம் இருக்கட்டும், மற்ற இருவருக்கும் முதல்தரமான பிரதி. சீட்டுப் போட்டோம். மூலம் எனக்கு விழுந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிக்கு ஒரு பிரதி, அத்தைக்கு ஒரு பிரதி. மூலமும் கையில், நியாயவான் என்ற பேரும் கையில். அன்றைக்கு நான் நல்ல சந்தோஷத்தில் இருந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

"சுத்தம் பண்ணிட்டேண்ணே"

ஃபிளெக்ஸ் பேனரில் ஆரம்பித்து இப்போது ஓட்டல்களுக்குப் பழைய படங்கள் அச்சடித்துக் கொடுக்கிற தம்பி அவன். வேலையில் கெட்டி. மேப் நாற்பது அங்குலத்துக்கு முப்பது. எந்த ஸ்கேனரிலும் அடங்காது. தரையில் விரித்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, பகுதி பகுதியாகப் படமெடுத்துக் கணினியில் தைத்தான். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்றால் மொத்தம் 10.8 கோடி புள்ளி என்று கால்குலேட்டரில் காட்டினான். பருத்தித் தாள், சாயம் வெளுக்காத நிறமி மை. பத்து நாள் கழித்து வரச்சொன்னான்.

போனேன். சுவரில் மாட்டியே வைத்திருந்தான். முதலில் என் கண்ணுக்குப் பட்டது ஆறு. துண்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை எல்லாம் மூடி, ஐராவதியின் கிளைகளை ஒன்றோடொன்று சேர்த்திருந்தான். முதல்முறையாக அந்த ஆறு எங்கும் நிற்காமல் கடல்வரை ஓடியது. பழைய வார்னிஷின் மஞ்சள் போய், தாள் பால்கோவா நிறத்துக்கு வந்திருந்தது. பழுப்புப் புள்ளி இல்லை, கரப்பான் கடித்த ஓரம் இல்லை. பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வரவில்லை. என்னமோ இல்லை. வீட்டில் தூக்கம் விழித்து எழும்போது கடிகாரச் சத்தம் நின்றுபோயிருந்தால் ஒரு மாதிரி இருக்குமே, அப்படி. பியாபோன் என்ற ஊரைத் தேடினேன். டெடாயே, மௌபின், வாக்கெமா. எல்லாம் இருந்தன. அவற்றின் பக்கத்தில் இருக்க வேண்டியது இல்லை.

மூல வரைபடத்தில் ஊர்ப் பெயர்களின் பக்கத்தில் பென்சில் குறிகள் உண்டு. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம் என்று அந்தக் காலத்தில் ஒரு பென்சில் வருமே, அதில் போட்டவை. சிவப்பில் பெருக்கல் குறி, நீலத்தில் வட்டம், சில இடத்தில் தமிழ் எண். என் ஐயா, அப்பாவைப் பெற்றவர், போட்டது. பர்மாவில் எங்கள் வட்டிக்கடையை நடத்தும் மேலாளாக இருந்து, கடைசியில் முதலாளியாகவும் இருந்து, 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர். சின்ன வயதில் அந்த மேசைக்கடியில் விளையாடும்போது அண்ணாந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது ஆறும் இல்லை, ஊரும் இல்லை. சிவப்புக் குறிகள்தான். இங்கிலீஷ் எழுத்து தெரியாத வயதில் நான் படித்த வரைபடம் அதுதான்.

"தம்பி, இங்க சிவப்பா கோடு இருக்குமே?"

"அதுவா அண்ணே? யாரோ பிள்ளைக கிறுக்கி வச்சிருந்துச்சு. நாப்பது, அம்பது இருக்கும். ரெண்டு ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்தேன். அடியில எழுத்து இருந்த எடத்துல எழுத்தையே புதுசா வரைஞ்சு விட்டிருக்கேன். பாத்தாத் தெரியுதா? தெரியாது. சுத்தம் பண்ணிட்டேண்ணே."

கோபம் வந்தது. ஆனால் கோபிக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? அடைத்துவைத்த ஆற்றை அவன் ஓடவிட்டதற்கு நான் மயங்கி நின்றேனே, அதுவும் அழிப்புதான். அந்த இடைவெளி, மேப் மடிந்து பெட்டியில் கப்பலேறிப் போன தடம். மஞ்சள் வார்னிஷ், முகப்பில் எரிந்த விளக்கின் தடம். கரப்பான் எங்கள் வீட்டுக் கரப்பான். கறையில் எது அழுக்கு, எது கையெழுத்து என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. 'நல்லாப் பண்ணு தம்பி' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். குறிகளோடு இன்னொரு பிரதி போடச் சொன்னேன், தனிக் காசு தருகிறேன் என்று. தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றான். ஆக மொத்தம் இரண்டு பைல் ஆனது, சுத்தமானது ஒன்று, கிறுக்கலோடு ஒன்று.

அத்தை

அத்தை சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். ஐயாவின் கடைசி மகள், எண்பத்தைந்துக்கு மேல். இரண்டு பிரதியையும் சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்துப்போனேன். உள்ளுக்குள் ஒரு நாடகம் தயார். முதலில் சுத்தமானதைக் காட்ட வேண்டும், அவர் முகம் வாட வேண்டும், பிறகு குறிகள் உள்ளதை விரிக்க வேண்டும். அத்தை அழுதாலும் அழுவார்.

சுத்தமானதை விரித்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலை ஆற்றின் மேலேயே ஓட்டிக்கொண்டு கடலுக்கு வந்தார். "நல்லாருக்குப்பா" என்றார். நான் அவசரமாக மற்றதை விரித்தேன். அதை ஒருமுறை பார்த்தார். மடித்துவிடு என்பதுபோல் கையைக் காட்டினார்.

"இது வேணாம். இத நீயே வச்சுக்க."

"அத்தை, இதுலதான் ஐயா கையெழுத்து இருக்கு."

"தெரியும். சிவப்புன்னா நெலம் கைக்கு வந்துருச்சுன்னு அர்த்தம். நீலம்னா கணக்குத் தீந்துருச்சு. எத்தனை நீலம் இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கியா?"

எண்ணியிருந்தேன். முப்பத்தேழு சிவப்பு, ஒன்பது நீலம். ஆனால் அவை என்ன சொல்கின்றன என்று நான் யாரையும் கேட்டதில்லை. அழகான குறிகள் என்று மட்டும் வைத்திருந்தேன்.

1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை விழுந்த கதை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், நம்முடைய பக்கத்திலிருந்து. கடன் வாங்கிய பர்மாக் குடியானவனால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-இல் அது சுமார் 25 விழுக்காடு. நாம் கேட்டுப் போனது வட்டி, வந்தது வயல். அந்த வயலையும் பிறகு சுதந்திர பர்மா அரசு 1948-இல் நிலச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. எட்டு வருடத்தில் 6 எப்படி 25 ஆனது என்பது ஒரு புள்ளிவிவரம். எங்கள் வீட்டில் அது முப்பத்தேழு சிவப்புக் குறி. ஒவ்வொரு குறிக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பம் வரப்பில் நின்றிருக்கும்.

அத்தை இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. ஊருக்கு வந்தபிறகு ஐயா தபால்காரர் வரும் நேரத்துக்கு அந்த மேப்பின் முன்னால் போய் நிற்பாராம். இழப்பீடு கேட்டு எழுதிய மனுக்களுக்குப் பதில் வருமென்று. சோறு ஆறிப்போகும். ஒருநாள் அப்பத்தா பழைய சேலையை எடுத்து மேப்பை மூடிவிட்டார். ஐயா அதை எடுக்கவில்லை. அவர் போன பிறகுதான் சேலை இறங்கியது. நான் மேசைக்கடியில் விளையாடியதெல்லாம் அதற்கப்புறம்.

"அவரு நின்ன எடத்தத்தான் எனக்கு ஞாபகம் வருது இத பாத்தா" என்றார். பிறகு சுத்தமான பிரதியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். "இதுல யாரும் யாருக்கும் கடன்படல பாரு. பச்சையா, ஆறா இருக்கு. இத மாட்டு."

சோபாவுக்கு மேலே, டிவிக்கு எதிரே, ஆணியடித்து மாட்டிக் கொடுத்தேன். தம்பி இரண்டு ராத்திரி உட்கார்ந்து அழித்தது அத்தைக்கு எழுபது வருடம் கழித்துக் கிடைத்த வசதி. பங்காளிக்கும் சுத்தமானதுதான் போனது. அவன் வீட்டு உள்ளலங்காரத்துக்கு அது பொருந்துகிறது என்று படம் அனுப்பினான். அவனிடம் குறிகளைப் பற்றி நான் சொல்லவே இல்லை. மூலம் என்னிடம், பீரோவின் பின்னால், வெயில் படாத இடத்தில். மாட்டத் துணிவு வரவில்லை.

ஆறு காப்பி

இப்போது அந்தக் குரல் செய்தி. டிசைனரம்மா கேட்டது எந்தப் பைல் என்று முதலில் விசாரித்தேன். "கிறுக்கல் உள்ளதுண்ணே. அதுலதான் ஒரு லுக் இருக்காம். யாரோ நெசமாவே உபயோகிச்ச மாதிரி இருக்காம்."

நாலு நாள் யோசித்தேன். சாப்பாட்டு அறைச் சுவரில் அது தொங்கும். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, நானும் யாரோ ஒரு டச்சுக்காரன் வீட்டு மழைக்கறையை ரசித்துக்கொண்டு நின்றவன்தானே. அந்தக் கறையின் அடியில் யார் அழுதார்கள் என்று நான் கேட்டேனா? இப்படி ஒரு பக்கம் தோன்றும். மறுபக்கம், அப்பத்தா சேலை போட்டு மூடியதை நான் ஆறு சட்டம் போட்டுத் திறந்து வைக்க வேண்டுமா என்று தோன்றும்.

கடைசியில் பதில் போட்டேன். சுத்தமான பைலைத் தாராளமாகக் கொடு, கீழே பிரதி என்று போடு, எனக்குக் காசு வேண்டாம். குறி உள்ளதை மட்டும் கொடுக்காதே, அது வீட்டுக் கணக்கு.

அரைமணி நேரத்தில் தம்பி திரும்பக் கூப்பிட்டான். குரலில் பிரச்சினையைத் தீர்த்துவிட்ட உற்சாகம்.

"அண்ணே, பேசிட்டேன். ஒங்க ஐயா குறி வேணாம்னா பரவால்லியாம். சுத்தமான மேப்புலயே நாம புதுசா சிவப்புல போட்டுக் குடுத்துரலாமாம். எந்தெந்த ஊருக்குப் போடணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க."